துடிக்கிற இடத்தைத் தேடு: எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து இதயத்தைப் பிரித்தெடுத்த அனுபவம்

அப்பாவின் இதய எக்கோ (அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் 'இ.எஃப். 35%' என்று ஒரு வரி இருந்தது. நான்கு மாதம் கழித்து வேறொரு இடத்தில் எடுத்தபோது 41. மருந்து வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மருத்துவர், "அளக்கிற ஆளைப் பொறுத்தும் சில புள்ளி முன்னப்பின்ன வரும், இதை மட்டும் வெச்சு முடிவு பண்ண வேண்டாம்" என்றார். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் அன்று ராத்திரி தொடங்கியது.

இடது கீழறை முழுதாக விரிந்திருக்கும்போது அதில் எவ்வளவு ரத்தம், முழுதாகச் சுருங்கியபின் எவ்வளவு மிச்சம், வெளியே போனது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் இ.எஃப்., அதாவது எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கழித்தல் வகுத்தல்தான். படத்தில் கீழறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போடுவதில்தான் பாடு.

பெரியம்மா மகள் ஸ்கேன் சென்டரில் ரேடியோகிராஃபர். அக்காவிடம் கேட்டேன். "எக்கோவை விடு தம்பி. எம்.ஆர்.ஐ.யில இன்னும் துல்லியமா வரும். ஆனா கோடு போட்டே கை ஓஞ்சிரும். மேலேருந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு ஸ்லைஸ்லயும் உள்சுவர் ஒண்ணு, வெளிச்சுவர் ஒண்ணு, வலது பக்கத்து அறை ஒண்ணு. விரிஞ்ச நிலைக்கு ஒரு சுத்து, சுருங்கின நிலைக்கு ஒரு சுத்து" என்றார். ஸ்லைஸ் என்றால் இதயத்தைக் குறுக்காக அரிந்தது போன்ற ஒரு படம். ஒன்பது ஸ்லைஸ் என்று வைத்தால் 54 கோடுகள், ஒரே ஒரு நோயாளிக்கு. இதைக் கணினியைப் போடவைக்க முடியுமா என்று பார்த்ததுதான் இந்தப் பதிவு.

படங்கள் எங்கிருந்து

நம் வீட்டுப் படத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. கோடு போட்ட படங்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். பிரான்ஸின் டிஜான் பல்கலைக்கழக மருத்துவமனையில் எடுத்த 150 பேரின் இதய எம்.ஆர்.ஐ. தொகுப்பு ஒன்று 2017-இல் ஒரு போட்டிக்காக வெளியிடப்பட்டது. ஏ.சி.டி.சி. என்று அழைப்பார்கள். பெயர், அடையாளம் எல்லாம் நீக்கப்பட்டவை. ஐந்து வகை ஆட்கள், வகைக்கு 30 பேர்: நல்ல இதயம் உள்ளவர்கள், மாரடைப்பு வந்து இதயம் பலவீனப்பட்டவர்கள், இதயம் விரிந்து தளர்ந்தவர்கள், தசை தடித்தவர்கள், வலது கீழறையில் கோளாறு உள்ளவர்கள். இதில் 100 பேர் பயிற்சிக்கு, 50 பேர் சோதனைக்கு. பயிற்சிப் படங்களில் விரிந்த நிலைக்கும் சுருங்கிய நிலைக்கும் வல்லுநர்கள் போட்ட எல்லைகள் கூடவே வரும். பின்னணிக்கு 0, வலது கீழறைக்கு 1, இதயத் தசைக்கு 2, இடது கீழறைக்கு 3. இந்த நான்கு எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு வாரத்தைத் தின்றவை இவைதான்.

படம் ஒவ்வொன்றும் நான்கு பரிமாணம். அகலம், உயரம், ஸ்லைஸ், காலம். ஒரு துடிப்புக்குள் 28 முதல் 40 படங்கள் வரை என்கிறது தொகுப்பின் விவரக்குறிப்பு. பைத்தானில் நிபேபல் நூலகத்தைக் கொண்டு திறந்து, நடு ஸ்லைஸை வரிசையாக ஓடவிட்டேன். சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் சுருங்கி விரிந்து சுருங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் முயற்சி: வெளிச்சத்தை நம்பியது

இந்த வகைப் படத்தில் ரத்தம் வெள்ளையாகத் தெரியும், தசை இருட்டுச் சாம்பல், நுரையீரல் கறுப்பு. அப்படியானால் வெள்ளையை வெட்டி எடுத்தால் போதுமே என்று தோன்றியது. 1979-இல் நொபுயுகி ஓட்சு கொடுத்த முறை இருக்கிறது. படத்தின் வெளிச்ச அளவுகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிற எல்லையைத் தானே கண்டுபிடித்துக் கொடுக்கும். ஓட்டினேன். நெஞ்சைச் சுற்றியுள்ள கொழுப்பும் இதே படத்தில் வெள்ளைதான் என்பதை மறந்துவிட்டேன். எனக்குக் கிடைத்தது தோலுக்கடியில் ஓடும் ஒரு பெரிய வெள்ளைப் பட்டை, நடுவில் ஏதேதோ தீவுகள். அவற்றில் ஒன்று இதயம்.

இடது கீழறை குறுக்குவெட்டில் வட்டமாக இருக்குமே, வட்டத்தைத் தேடலாம் என்று ஹஃப் உருமாற்றத்துக்குப் போனேன். அணுத்துகள் ஆய்வில் குமிழ்க்கூடப் படங்களிலிருந்து துகள் பாதைகளைத் தானாகக் கண்டுபிடிக்க பால் ஹஃப் உருவாக்கிய உத்தி, 1962-இல் காப்புரிமை பெற்றது. அவர் தேடியது கோடுகளை. வட்டம் தேட அதைப் பின்னால் வந்தவர்கள் விரித்தார்கள். வட்டம் கிடைத்தது. ஆனால் உடம்புக்குள் வட்டத்துக்கா பஞ்சம்? முதுகெலும்புக்கு அருகே இறங்குகிற மகாதமனி குறுக்குவெட்டில் அச்சு அசலாக வட்டம். பாதிப் பேருக்கு என் நிரல் அதைத்தான் இதயம் என்று காட்டியது.

துடிப்பைக் கேட்டது

விடை அந்த முதல் நாள் ஓட்டிப் பார்த்த படத்திலேயே இருந்தது. நோயாளி மூச்சை அடக்கிப் படுத்திருக்கிறார். நெஞ்சுச் சுவர் அசையவில்லை, முதுகெலும்பு அசையவில்லை, கல்லீரல் அசையவில்லை. இதயம் மட்டும்தான் அசைகிறது. என் கண் அதை அரை நொடியில் கண்டுகொண்டது அசைவை வைத்துத்தானே, வெளிச்சத்தை வைத்து இல்லையே!

ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். கீழறைச் சுவரின் உள்விளிம்பில் இருக்கிறது. விரிந்தபோது அங்கே ரத்தம், வெள்ளை. சுருங்கும்போது தசை உள்ளே வந்து அந்த இடத்தைப் பிடிக்கும், இருட்டு. மறுபடி வெள்ளை. 30 படங்களில் அதன் வெளிச்சத்தைக் கோடாக வரைந்தால் ஒரே ஒரு அலை, ஒரு துடிப்புக்கு ஓர் ஏற்ற இறக்கம். எலும்பில் இருக்கும் பிக்சலுக்கு நேர்கோடு. இந்த 'ஒரு துடிப்புக்கு ஓர் அலை' எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று அளக்க, ஏற்ற இறக்கங்களைத் தனித்தனி அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் உருமாற்றம் இருக்கவே இருக்கிறது. கால அச்சில் அதை ஓட்டி, சராசரி வெளிச்சத்தைச் சொல்லும் முதல் எண்ணை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த எண்ணின் அளவை மட்டும் எடுத்துப் படமாகப் போட்டேன். நான்கே வரி நிரல்.

திரையில் இருட்டுக்கு நடுவே ஒரு வளையம் ஒளிர்ந்தது. பக்கத்தில் பிறை போல இன்னொன்று, வலது கீழறையின் சுவர். கொழுப்புப் பட்டை முழுவதும் காணாமல் போயிருந்தது. இது நான் கண்டுபிடித்த உத்தி இல்லை, இதயப் பட ஆய்வில் பல வருடங்களாகப் புழங்குவதுதான். ஆனாலும் அந்த ராத்திரி எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் குறைவில்லை. கணினிக்கு இன்னும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, அதற்குள் இதயம் தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கொஞ்சம் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. மகாதமனிக்குள்ளும் நுரையீரல் நாளங்களுக்குள்ளும் ரத்த ஓட்டம் துடிப்போடு மாறுவதால் அங்கங்கே புள்ளிகள் மினுங்கின. எல்லா ஸ்லைஸ்களின் துடிப்புப் படத்தையும் ஒன்றாகக் கூட்டி, லேசாக மங்கலாக்கி, மிக வலுவான பகுதிகளை மட்டும் வைத்து, அவற்றில் விட்டுப்போகாமல் ஒட்டியிருக்கும் பெரிய துண்டின் மையத்தை எடுத்தேன். அந்த மையத்தைச் சுற்றி ஒரு சதுரம். இதயம் அதற்குள் வந்துவிட்டது.

சதுரத்தின் அளவில் ஒரு தப்பு செய்தேன். முதலில் 144 மி.மீ. வைத்தேன். நல்ல இதயங்களுக்கு அது தாராளம். இதயம் விரிந்தவர்களுக்கு வலது கீழறையின் ஓரம் வெட்டுப்பட்டது. யாருக்கு இந்த அளவீடு அதிகம் தேவையோ அவர்களையே வெட்டியிருக்கிறேன். 192 மி.மீ. ஆக்கினேன்.

இப்போது அந்தச் சதுரத்துக்குள் மட்டும் வட்டம் தேடினால் ஹஃப் சரியாக இடது கீழறையைப் பிடித்தது. வட்டத்துக்குள் வெள்ளையை வெட்டினால் அறை கிடைத்தது. அறைக்குள் தூண் போல நிற்கும் பாப்பில்லரித் தசைகள் இருட்டு ஓட்டைகளாக விழுந்தன. இந்தத் தொகுப்பில் அந்தத் தசைகளையும் அறைக்குள்ளேயே சேர்த்துத்தான் வல்லுநர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். எனவே கிடைத்த வடிவத்தைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டியது போல ஒரு குவிஉறை போட்டு ஓட்டைகளை மூடினேன். நடு ஸ்லைஸ்களில் அழகாக வேலை செய்தது. நுனிப் பக்கம் அறை சில பிக்சலாகச் சுருங்கியதும் தடுமாறியது. கல்லீரலை ஒட்டிய இடத்தில் தசையும் கல்லீரலும் ஒரே சாம்பல், வெளிச்சுவரைக் காணோம். பிறை வடிவ வலது கீழறைக்கு எந்த வட்டமும் உதவாது. அங்கேதான் நரம்பு வலையமைப்புக்குப் போனேன்.

யு-நெட், அதற்கு நான் ஊட்டிய தப்புகள்

யு-நெட்டை 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ரோன்னபெர்கர், ஃபிஷர், பிராக்ஸ் ஆகிய மூவர் உருவாக்கினார்கள். படத்தைப் படிப்படியாகச் சுருக்கி 'இது என்ன' என்று புரிந்துகொண்டு, மறுபடி படிப்படியாக விரித்து 'எந்தப் பிக்சல்' என்று சொல்லும். சுருக்கும்போது தொலைகிற நுணுக்கத்தை, விரிக்கும் பக்கத்துக்கு நேராகக் கடத்துகிற பாலங்கள்தான் அதன் உயிர். சில பத்துப் படங்களை வைத்தே செல்களின் எல்லையைக் கற்றுக்கொண்ட வலையமைப்பு அது. நம் கையிலோ 100 பேரின் சுமார் 1,900 ஸ்லைஸ்கள். இலவச மேகக் கணினியில் பைடார்ச்சை வைத்து ஓட்டினேன். கட்டமைப்பைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. நூல்களில் உள்ளதை அப்படியே போட்டேன், அது தன் வேலையைச் செய்தது. கெடுத்ததெல்லாம் நான் உள்ளே அனுப்பியவை.

முதல் தப்பு, எல்லாப் படத்தையும் 256-க்கு 256 என்று இழுத்துப் பொருத்தியது. ஒரு பிக்சல் என்பது ஒருவர் படத்தில் 1.37 மி.மீ., இன்னொருவர் படத்தில் 1.68 மி.மீ. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் பரப்பில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். விரிந்த இதயமும் சாதாரண இதயமும் ஒரே அளவில் தெரிந்தால் வலையமைப்பு எதைக் கற்கும்? எல்லாவற்றையும் பிக்சலுக்கு 1.5 மி.மீ. என்று மறுஅளவு செய்து, முன்பு சொன்ன துடிப்புச் சதுரத்தில் வெட்டினேன். 128-க்கு 128. இதில் இன்னொரு லாபமும் உண்டு. 50 மி.மீ. விட்டமுள்ள கீழறை சுமார் 870 பிக்சல். முழுப் படத்தில் அது 1.3 சதவீதம். 'எல்லாமே பின்னணி' என்று சொல்லிவிட்டாலே வலையமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும், முதல் நாள் அப்படித்தான் சொன்னது. வெட்டிய சதுரத்தில் அதே கீழறை 5 சதவீதத்துக்கு மேல். சோம்பேறித்தனத்துக்கு இடமில்லாமல் போனது.

இரண்டாவதுதான் ஒரு வாரத்தைத் தின்றது. மறுஅளவு செய்தபின் பயிற்சி கொடுத்தால், இதயத் தசையைச் சுற்றி மெல்லிய மோதிரம் போல 'வலது கீழறை' என்று வரைந்தது. எல்லோருக்கும், எல்லா ஸ்லைஸிலும். கற்றல் வேகத்தை மாற்றினேன், இழப்புச் சார்பை மாற்றினேன், அடுக்குகளைக் கூட்டினேன். மோதிரம் போகவில்லை. கடைசியில் வலையமைப்பை மூடிவிட்டு, அதற்கு நான் கொடுக்கும் விடைத்தாளைத் திறந்து பார்த்தேன். மோதிரம் அங்கேயே இருந்தது! படத்தை மறுஅளவு செய்யும் அதே வழியில் லேபிளையும் மறுஅளவு செய்திருக்கிறேன். பக்கத்துப் பிக்சல்களின் சராசரி எடுக்கிற வழி அது. தசை 2, வெளியே பின்னணி 0. இரண்டுக்கும் நடுவில் சராசரி 1. ஒன்று என்றால் வலது கீழறை. வலையமைப்பு நான் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் கற்றிருந்தது. லேபிளுக்கு மட்டும் 'மிக அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடு' என்று மாற்றியதும் மோதிரம் மறைந்தது. இப்போதெல்லாம் பயிற்சி தொடங்கும் முன் பத்து விடைத்தாள்களையாவது கண்ணால் பார்க்காமல் ஓட்டுவதில்லை.

மூன்றாவது, ஸ்லைஸ்களைக் கலைத்துப் போட்டுப் பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரித்தது. ஒருவரின் நான்காம் ஸ்லைஸ் பயிற்சியில், ஏறக்குறைய அதே போலிருக்கும் ஐந்தாவது சோதனையில். மதிப்பெண் வானத்தில் பறந்தது. ஆள் ஆளாகப் பிரித்து, ஐந்து வகையிலும் நான்கு நான்கு பேராக 20 பேரை ஒதுக்கி வைத்தபின்தான் உண்மை நிலவரம் தெரிந்தது.

படத்தை இடவலமாகத் திருப்பிப் பயிற்சி தருவது பல இடங்களில் நல்ல பழக்கம். எனக்கு அது ஒத்துவரவில்லை. வலது கீழறை இந்தப் படங்களில் எப்போதும் பார்ப்பவருக்கு இடப்பக்கம். திருப்பிக் காட்டியபோது எதிர்ப்பக்கத்தில் இருக்கிற வயிற்றின் துண்டை வலது கீழறை என்றது. திருப்புவதை நிறுத்தி, லேசான சுழற்சி, பெரிதாக்கல் சிறிதாக்கல், வெளிச்ச மாற்றம் ஆகியவற்றோடு நின்றேன்.

மதிப்பிட டைஸ் எண். வல்லுநர் வரைந்ததும் நிரல் வரைந்ததும் எவ்வளவு பொருந்துகின்றன என்று 0 முதல் 1 வரை சொல்லும். லீ டைஸ் 1945-இல் இதை எழுதியது, இரண்டு உயிரினங்கள் ஒரே இடத்தில் எவ்வளவு சேர்ந்து வாழ்கின்றன என்று அளப்பதற்காக. காட்டை அளக்கச் செய்த கோல் இன்று இதயத்தை அளக்கிறது. இடது கீழறைக்கு எண் நன்றாகவே வந்தது, தசையும் வலது கீழறையும் பின்தங்கின. மூன்று பாகத்திலும் பெரிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு உதிரிகளைத் துடைத்ததும் மேலும் கொஞ்சம் ஏறியது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பின்னத்துக்குள் ஒளிந்த பிழை

பிக்சல்களை எண்ணி, ஒரு பிக்சலின் பரப்பாலும் ஸ்லைஸின் தடிமனாலும் பெருக்கினால் கொள்ளளவு. இந்தத் தொகுப்பின் விவரக்குறிப்பில் ஸ்லைஸ் தடிமன் 5 மி.மீ. என்று படித்திருந்தேன், நிரலில் 5 என்று எழுதிவிட்டேன். இ.எஃப். வல்லுநர் கணக்கோடு அருமையாகப் பொருந்தியது.

பிறகு ஆளின் உயரம், எடையை வைத்து உடல் பரப்பு கண்டு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை மி.லி. என்று பார்த்தேன். உயரத்தை எடையால் பெருக்கி, 3,600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கும் மோஸ்டெல்லர் சூத்திரம். 170 செ.மீ., 68 கிலோ ஆளுக்கு 1.79 சதுர மீட்டர். விரிந்த இதயம் என்ற வகையில் சேர, விரிந்த நிலையில் இடது கீழறை சதுர மீட்டருக்கு 100 மி.லி.க்கு மேல் இருக்க வேண்டும் என்பது தொகுப்பின் விதி. என் கணக்கில் அந்த வகையினர் பலர் அறுபது எழுபதிலேயே நின்றார்கள்.

பல படங்களில் ஸ்லைஸின் தடிமன் 5 மி.மீ.தான். ஆனால் ஒரு ஸ்லைஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்னொரு 5 மி.மீ. இடைவெளி. படம் 10 மி.மீ.க்கு ஒன்று. அந்தப் படங்களில் என் கொள்ளளவு சரிபாதி. இ.எஃப். மட்டும் ஏன் சரியாக வந்தது? மேலேயும் பாதி, கீழேயும் பாதி, அடித்துப்போய்விட்டது. பின்னம் என்பதால் இவ்வளவு பெரிய பிழை சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கோப்பின் தலைப்பகுதியில் ஒவ்வொருவருக்கும் உண்மையான இடைவெளி எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்திருக்க வேண்டும்.

மேல் ஸ்லைஸ்

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு இ.எஃப். பத்துப் புள்ளிக்கு மேல் தள்ளி நின்றது. டைஸ் எண்ணைப் பார்த்தால் குறை தெரியவில்லை. அக்காவிடம் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். ஐந்து நிமிடம் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்.

"நடுவுல எல்லாம் நான் போடுற மாதிரியே போட்டிருக்கு. மேல பாரு. இது கீழறையே இல்லடா, ஏட்ரியம், மேலறை. சுத்திலும் தசை எங்க இருக்கு?"

"வட்டமாத்தானே இருக்குக்கா?"

"வட்டமா இருந்தா ஆச்சா? ரத்தத்தைச் சுத்திப் பாதிக்காவது தடிச்ச தசை இருந்தாத்தான் அந்த ஸ்லைஸை எடுப்போம். அப்புறம் இன்னொண்ணு, சுருங்கும்போது வால்வு இருக்கிற தளமே கீழ இறங்கும். விரிஞ்சப்ப இந்த ஸ்லைஸ்ல கீழறை, சுருங்கினப்ப அதே ஸ்லைஸ்ல மேலறை. உன் புரோகிராமுக்கு அது தெரியுமா?"

தெரியாது. என் யு-நெட் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்லைஸைத்தான் பார்க்கிறது. தனக்கு மேலே என்ன இருக்கிறது, அரைத் துடிப்புக்கு முன் இங்கே என்ன இருந்தது, எதுவும் அதற்குத் தெரியாது. நல்ல இதயத்தில் அந்தத் தளம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே இறங்குகிறது. நம் ஸ்லைஸ் இடைவெளியும் 10 மி.மீ. அதாவது சுருங்கிய நிலையில் பெரும்பாலும் ஒரு ஸ்லைஸ் குறைய வேண்டும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 50 மி.மீ. விட்டம், 10 மி.மீ. உயரம், ஒரு மேல் ஸ்லைஸ் கிட்டத்தட்ட 20 மி.லி. விரிந்தபோது 150, சுருங்கியபோது 60 என்றால் இ.எஃப். 60. விரிந்த நிலையில் மேல் ஸ்லைஸை விட்டுவிட்டால் 130-க்கு 60, இ.எஃப். 54. அதை விடாமல், சுருங்கிய நிலையில் மேலறையை 15 மி.லி. சேர்த்துவிட்டால் 150-க்கு 75, இ.எஃப். 50. இரண்டும் சேர்ந்து நடந்தால் 42. ஒரே இதயம், ஒரு ஸ்லைஸ், நலம் என்பதிலிருந்து நோய் என்பதற்கு. இது இரண்டு அறிக்கைகளில் இரண்டு எண் பார்த்துக் கவலைப்பட்ட வீட்டுக்காரனுக்குப் புரிய வேண்டிய கணக்கு.

சரிசெய்ய மூன்று வேலை செய்தேன். ஒரு ஸ்லைஸுக்குப் பதில், மேலும் கீழும் உள்ள ஸ்லைஸ்களைச் சேர்த்து மூன்றாக வலையமைப்புக்குக் கொடுத்தேன். அடுத்து, அக்கா சொன்ன விதியை அப்படியே நிரலாக்கினேன்: கீழறை என்று வரைந்த வட்டத்தின் விளிம்பைச் சுற்றி நடந்து, எத்தனை பாகத்துக்குத் தசை தொட்டுக்கொண்டிருக்கிறது என்று எண்ணு, பாதிக்குக் குறைந்தால் அந்த ஸ்லைஸை விட்டுவிடு. மூன்றாவதாக, முதலில் கண்ட துடிப்புப் படத்தை மறுபடி கூப்பிட்டேன். கீழறைச் சுவர் ஒளிர்கிற ஸ்லைஸ்களில் அது முழு வளையமாக இருக்கிறது. மேலறைக்குப் போகப் போக வளையம் உடைகிறது. அந்தப் படத்தையும் எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்து இன்னொரு சேனலாகக் கொடுத்தேன்.

ஒதுக்கிவைத்த 20 பேரில் தள்ளி நின்றவர்கள் பெரும்பாலோர் உள்ளே வந்துவிட்டார்கள். இரண்டு பேர் வரவில்லை. இருவரும் மாரடைப்பு வகை, சுவரின் ஒரு பகுதி மெலிந்து அசையாமல் கிடக்கிறது. அசைவை நம்பியவனுக்கு அசையாத சுவரில் வழி இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இ.எஃப். எண்ணைக் காட்டாமல், மேல் ஸ்லைஸை மஞ்சள் கட்டத்தில் காட்டி 'இதைக் கண்ணால் பாருங்கள்' என்று எழுதும்படி செய்திருக்கிறேன். விரிந்த நிலைக்கும் சுருங்கிய நிலைக்கும் ஸ்லைஸ் எண்ணிக்கை குறையவே இல்லை என்றாலும், இரண்டுக்கு மேல் குறைந்தாலும் அதே மஞ்சள் கட்டம். இது வீட்டில் செய்த பயிற்சி. யாருடைய சிகிச்சைக்கும் இதைப் பயன்படுத்த முடியாது. அப்பாவுக்கு எடுத்தது எக்கோ, அவர் படத்தில் இதை ஓட்டவும் இல்லை.

போன ஞாயிறு அக்கா வந்திருந்தபோது அந்த 20 பேரையும் வரிசையாகக் காட்டினேன். பதினேழாவது ஆளிடம் நிறுத்தச் சொல்லி, மஞ்சள் கட்டம் வராத ஒரு மேல் ஸ்லைஸைத் தொட்டுக் காட்டினார். "இதுலயும் கேட்டிருக்கணும்" என்றார். தசை 54 சதவீதம் சுற்றியிருந்தது, விதிப்படி சரி. மகாதமனிக்குப் போகிற வாய் அதே ஸ்லைஸில் திறந்திருந்தது. அந்த வாயை எப்படி எண்ணுவது என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரம் அதுதான் வேலை.